வலமிருந்து ஒவ்வொன்றாக

அழைப்பு வந்த நம்பரில் எட்டு இலக்கங்கள்தான் இருந்தன.

பஸ்லியா முதலில் அதைக் கவனிக்கவில்லை. பொழுது சாய்ந்து, பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்த மார்கழி மழையில் குசினிச் சுவர் பாதி உயரத்துக்கு ஊறிக் கறுத்திருந்தது. கிணற்றடியில் தவளைகள், தகரத்தில் சொட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் எப்போதும் போலக் கடல். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திண்டில் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை வந்துவிட்டது. விழுந்துவிடப் போகிறதே என்று ஈரக் கையாலேயே எடுத்துக் காதில் வைத்தாள்.

யாரும் பேசவில்லை. ஆனால் அது அமைதியும் அல்ல. வெறும் தண்ணீர்த் தாங்கிக்குள் தலையை விட்டால் ஓர் ஓசை கேட்குமே, அது போன்றது. தாங்கிக்காவது சுவர் உண்டு, இதற்குச் சுவரே இல்லை. மிகப் பெரிய, மிகத் தூரமான ஒரு வெளி அவள் காதுக்குள் திறந்து கிடந்தது. மூன்று தரம் ஹலோ சொன்னாள். பாங்கு முடியவும் அழைப்பும் நின்றுபோனது.

“ஆரும்மா?” என்றாள் மகள் ஜெனூபா, படிப்பு மேசையிலிருந்து. அவளுக்கு எட்டு வயது.

“ஆருமில்ல புள்ள. பிழையான நம்பர்.”

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். 73939133. உள்ளூர் நம்பர் என்றால் பூச்சியத்தில் தொடங்கிப் பத்து இலக்கம் இருக்க வேண்டும். வெளிநாடு என்றால் முன்னால் கூட்டல் குறி நிற்கும். இது இரண்டுமில்லை. பஸ்ஸில் எப்போதோ எதிரே உட்கார்ந்து வந்த முகம் போல, தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருந்தது. முந்தானையால் திரையைத் துடைத்து வைத்துவிட்டு அரிசியை அடுப்பில் போட்டாள்.

அவள் கணவன் றாஸிக்கின் தோணி புரண்டு அன்றைக்கு நாற்பத்தொரு நாள். கூடப் போன தம்பி நளீமை மறுநாள் வேறொரு தோணிக்காரர் கண்டு ஏற்றிவந்தார்கள். றாஸிக் கிடைக்கவில்லை. தேடி ஓய்ந்தபின் உடல் இல்லாமலே பள்ளியில் ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள், பஸ்லியா கணவனை இழந்தவளாக இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டுவதில்லை, அந்நிய ஆண்களின் முன் வருவதில்லை. சாய்ந்தமருதில், கடலிலிருந்து நானூறு மீற்றருக்குள் இருந்தது வீடு. பதினேழு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவளுக்கு இப்போது மூன்று அறையும் ஒரு விறாந்தையும் மட்டும்தான்.

மறுநாளும் பாங்கின் முதல் சொல்லோடு போன் அதிர்ந்தது. 7393913. அவள் விரல் தானாகச் சிவப்புக்குப் போய் அழைப்பை வெட்டியது. வெட்டியபின் கட்டிலோரமாக அப்படியே நின்றாள். கடைசியிலிருந்த மூன்றைக் காணவில்லை. மற்றதெல்லாம் நேற்று இருந்தபடியே.

அப்போது அவளுக்கு விளங்கியது. எண்ணைப் பார்த்து அல்ல, அது வெட்டுப்பட்டிருந்த விதத்தைப் பார்த்து. கரும்பலகை, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாகத் துடைக்கும் ஒரு கை, அந்தக் கையில் அவளுடைய வளையல்.

அதற்கு மேலே அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலிருக்க இந்த நாற்பது நாளில் பழகியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் சிவரூபினி டீச்சர் பாண்டிருப்பிலிருந்து வந்தார். இருவரும் ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவர்கள். கிழமைக்கு ஒரு தரம் வந்து கதைத்துவிட்டுப் போவார். பஸ்லியா போனை அவரிடம் நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது உங்கட எண்தானே டீச்சர். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு நீங்க காட்டினது. வலப்பக்கமிருந்து ஒவ்வொண்டா வெட்டிக்கொண்டு போனாலும் முதன்மை எண்ணாவே இருக்கிறது. பிள்ளையள் ஆரோ பகிடி விடுறாளுகள்.”

“எப்பிடி டீச்சர் எட்டு இலக்கத்துல கோல் வரும்?”

“இப்ப பிள்ளையளுக்குத் தெரியாத விளையாட்டா?”

சிவரூபினிக்கு அந்த எண் பிடித்திருந்தது. கடிதவுறை ஒன்றின் முதுகில் எழுதிப் பார்த்தார். 73939133. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றிப் பிரியாது. உறுதிசெய்ய வேண்டுமென்றால் 8598 வரைக்கும் உள்ள ஒவ்வொரு முதன்மை எண்ணாலும், ஆயிரத்துக்கு மேற்பட்ட தரம், வகுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தரமும் ஏதாவது மிஞ்சும். கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் பிரியாது. 739391, பிரியாது. 73939. 7393. 739. 73. 7.

“இதுல விசேஷம் என்னெண்டா, இந்த மாதிரி எண்களில இதுதான் ஆகப் பெரிசு. இதுக்கு வலப்பக்கத்துல இன்னுமொரு இலக்கம் சேர்க்க ஏலாது. ஒண்டைச் சேத்தாலும் ஏழைச் சேத்தாலும் மூண்டால பிரியும். மற்ற இலக்கங்களும் சரிவராது. கூட்டவே ஏலாது டீச்சர், குறைக்க மட்டும்தான் ஏலும்.”

அவர் போனபின்பும் அந்தக் கடிதவுறை மேசையில் கிடந்தது. எட்டு வரிகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் குறுகிக் குறுகி, படிக்கட்டு மாதிரி. பஸ்லியா அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

அன்று மஃரிபுக்கு அவள் போனோடு காத்திருந்தாள். பிள்ளைகள் என்றால் குரலைப் பிடித்துவிடலாம், நான்கு ஏச்சு ஏசலாம் என்று எண்ணிக்கொண்டாள். பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. அல்லாஹு அக்பர். 739391.

எடுத்தாள். முதல் நாள் கேட்ட அந்த வெளி இப்போது சுருங்கியிருந்தது. அலை உடையும் ஓசை, கரையில் நிற்பவருக்குக் கேட்பது போலல்ல, அலைக்கு மற்றப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பது போல, முதுகு காட்டி உடையும் அலை. அதற்கும் அப்பால், மெல்லியதாக, பாங்கு. அவர்களுடைய பள்ளிப் பாங்குதான். அதே முஅத்தினின் அதே இழுவை. ஜன்னல் வழியாக ஒரு சொல் வந்து முடியும், இரண்டு வினாடி கழித்து அதே சொல் போனுக்குள் வரும். கடல் மேலாகப் போய், அங்கே இருக்கும் ஒரு காதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது போல.

பாங்கு முடிந்தது. போனில் கடைசிச் சொல் இரண்டு வினாடி பிந்தி முடிந்தது. பிறகு வெட்டுப்பட்டது.

அன்று அவள் ஜெனூபாவைத் தன் பக்கத்தில் படுக்க வைத்தாள்.

நான்காம் நாள் மழை இல்லை. பின்னேரம் வெயில்கூட எறித்தது. ஒழுங்கை முடிவில், சந்தியில், பாண் விற்கும் ஓட்டோ தன் கிணுகிணுப் பாட்டோடு வந்து நின்றது. பெண்கள் பேச்சு, காசுக்கு மீதி கேட்கும் குரல். எல்லாம் வழமை. அந்த வழமைக்குள்ளேதான் பாங்கு தொடங்கியதும் போன் அதிர்ந்தது. 73939.

காதில் வைத்தாள். அலைச் சத்தம் இல்லை. பாண் ஓட்டோவின் பாட்டுத்தான் கேட்டது, ஜன்னலில் தூரமாகவும் போனில் பக்கத்திலும். ஒரு பெண் “ரெண்டு றாத்தல் தாங்க” என்றாள். அதையும் போனில்தான் கேட்டாள் பஸ்லியா. ஜன்னலருகே போய்த் திரைச்சீலையை ஒரு விரல் அளவு விலக்கினாள். சந்தியில் ஓட்டோவும் நாலைந்து பேரும் நின்றார்கள். ஒருவர் கையிலும் போன் இல்லை. நாய் ஒன்று மட்டும் மின்கம்பத்தின் அடியைப் பார்த்தபடி, வாலை இறக்கி, அசையாமல் நின்றது. கம்பத்தின் அடியில் ஒன்றுமில்லை.

கணிதம் அவளுக்குள் தானாகவே ஓடியது. நிறுத்தினாலும் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் பத்தில் ஒன்று. சந்தி எவ்வளவு தூரம்? எழுபது, எழுபத்தைந்து மீற்றர் இருக்கும். எழுபத்து மூவாயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்பது.

மில்லிமீற்றர்.

அலுமாரியிலிருந்து கடிதவுறையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். நேற்று எழுநூற்று முப்பத்தொன்பது மீற்றர், அலை உடையும் இடத்துக்கு அப்பால். முந்தாநாள் ஏழு கிலோமீற்றர் சொச்சம். முதல் நாள் எழுபத்து மூன்று கிலோமீற்றர், நடுக்கடல். அதைவிடப் பெரிய எண் கிடையாது என்று சிவரூபினி டீச்சர் சிரித்துக்கொண்டு சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு இருந்ததுதான் ஆகக் கூடிய தூரம். இனிக் கிட்ட வர மட்டும்தான் முடியும்.

நாளைக்கு ஏழு மீற்றர். வாசற்படியிலிருந்து வெளிக் கடப்படிக் கதவுக்கு உள்ள தூரம்.

அன்றிரவு பிள்ளை தூங்கியபின் 7393ஐப் பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வகுக்கத் தொடங்கினாள். பிரியாது என்று தெரிந்தும் வகுத்தாள். எங்காவது ஒரு தரம் மீதி இல்லாமல் போனால் எல்லாம் பொய்யென்றாகும், நிம்மதியாகக் கண்ணை மூடலாம். இரண்டால் வகுத்தாள், மீதி ஒன்று. மூன்றால், மீதி ஒன்று. ஏழால், மீதி ஒன்று. பதினொன்றால் வகுத்தாள். அப்போதும் ஒன்று. கடைசி ஒன்றைச் சுற்றி வட்டமிட்டாள். எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தபின்னும் போக இடமில்லாமல் வாசலில் நிற்கும் ஒருவரைப் போல அது நின்றது. எண்பத்து மூன்றுவரை போனாள். மீதி ஆறு. அதற்கு மேலே வகுக்கத் தேவையில்லை.

ஐந்தாம் நாள் நளீம் வந்தான். தோணி புரண்ட நாளுக்குப் பிறகு அவன் கடலுக்குப் போவதில்லை, ஓட்டோ ஓடுகிறான். சாமான் பையைக் கடப்படியில் கொழுவிவிட்டு, அங்கேயே நின்று இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போவது வழக்கம். பஸ்லியா வாசல் சீலைக்குப் பின்னால் நிற்பாள். அன்று தூறலில் குடை பிடித்தபடி நின்றவன் போகவில்லை.

“மதினி, ஒண்டு சொல்லோணும். இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ளயே கிடக்கு.”

“சொல்லுங்க.”

“தோணி புரண்டு, முதுகுல ரெண்டு பேரும் குந்தி இரிக்கக்க, றாஸிக் காக்காட கழுத்துல போன் இரிந்திச்சி. பொலித்தீனால சுத்தி. மூணு தரம் உங்களுக்கு எடுத்தாரு. ரிங் போகுது போகுதெண்டு சொல்லுவாரு, பொறகு நிண்டு போயிரும். அலைவரிசை இல்ல போல. மூணாந்தரம் எடுக்கக்கதான் அந்த அலை அடிச்ச. அதுக்குப் பொறகு நான் காக்காவக் காணல்ல.” அவன் மூக்கை உறிஞ்சினான். “லைன் மட்டும் கிடைச்சிரிந்தா நீங்க ஆரையும் அனுப்பியிருப்பீங்க. அல்லாஹ் நாடல்ல.”

பஸ்லியா சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லைன் கிடைத்திருந்தது. அன்று காலை, கடல் சரியில்லை போகவேண்டாம் என்று அவள் சொல்லியும் றாஸிக் போனான். போகும்போது, “போனா எனக்குக் கோல் எடுக்க வேணாம்” என்று சொல்லியிருந்தாள். வகுப்பில் மேற்பார்வைக்கு ஒருவர் வந்து பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காட்டத்தான் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினாள். மூன்றைத் துடைத்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. றாஸிக். வெட்டினாள். ஒன்றைத் துடைத்தபோது மறுபடியும். வெட்டினாள். மூன்றாந்தரம் வந்தபோது பலகையில் எழுபத்து மூன்று மட்டும் மிஞ்சியிருந்தது. பிள்ளைகள் கைதட்ட ஆயத்தமாக இருந்தார்கள். பார்க்காமலே வெட்டினாள். மறுநாள் நளீமோடு செய்தி வந்ததும் அவள் செய்த முதல் வேலை, போனில் அந்த மூன்று அழைப்பு வரிகளையும் அழித்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை.

பாங்கு தொடங்கியது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. 7393.

எடுத்துக் காதில் வைத்தாள். தூறல் ஒரு குடைச் சீலையில் விழும் சத்தம். நளீம் இருமினான். வாசல் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது. போனில்தான் கிட்டக் கேட்டது, அவனோடு தோள் உரசி நிற்கும் ஒருவருக்குக் கேட்பது போல.

“நளீம்.” சீலையை விலக்காமலே கேட்டாள். “உங்களுக்குப் பக்கத்துல ஆரும் நிக்கிறாங்களா?”

“இல்லயே மதினி.” குடை நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “இஞ்ச ஏன் தண்ணி நிக்கிது? மத்த இடமெல்லாம் மணல் குடிச்சிட்டு. இது மட்டும்...” என்றான். குனிந்து பார்த்திருக்க வேண்டும். “இது மழைத் தண்ணி இல்ல மதினி. கடல் மணக்குது.”

அவன் சலவாத்துச் சொல்லிக்கொண்டே ஓட்டோவுக்குப் போனான்.

மறுநாள் விடிந்ததும் அவனுக்குக் கோல் எடுத்தாள். “எங்களச் சம்மாந்துறைக்கு, ராத்தா வீட்ட கொண்டு போய் விடுங்க.”

“மதினி, இத்தாவுல இரிக்கக்க...”

“உசிருக்குப் பயமெண்டா போகலாம்.”

என்ன பயம் என்று அவன் கேட்கவில்லை.

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஓட்டோவின் இரு பக்கமும் சீலை இறக்கி, ஜெனூபாவை மடியில் இருத்தி, அவள் நாற்பத்தாறு நாளில் முதன்முதலாக வெளிக்காற்றைச் சுவாசித்தாள். மாவடிப்பள்ளி தாண்டும்போது சீலை இடுக்கால் பார்த்தாள். வீதியின் இரு பக்கமும் வயலைக் காணாத அளவுக்கு வெள்ளம், சாம்பல் நிறத்தில், அசையாமல். கடலை விட்டு ஓடிவந்தும் தண்ணீர் முடியவில்லை.

உடன்பிறந்த மூத்தவளான ராத்தா ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. உள்ளறையில் பாய் விரித்துத் தந்தாள். ஜன்னல் இல்லாத, சுற்றிவர நாலு சுவரும் உலர்ந்த அறை. மஃரிப் வந்தது. வேறு பள்ளி, வேறு குரல். பஸ்லியா பாயில் உட்கார்ந்து, மகளின் தலையை மடியில் வைத்து, காத்திருந்தாள். போன் இல்லை. ஒன்றும் அதிரவில்லை. பாங்கின் பாதி போனது. மூச்சை விட்டாள்.

மணம் வந்தது. மீன் மணமில்லை, கருவாட்டு மணமில்லை. கடலின் ஆழத்து மணம், வெயிலே படாத சேற்றின் மணம். பாய்க்கு அப்பால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், சீமெந்துத் தரை ஈரமாகியது. மேலேயிருந்து ஒன்றும் ஒழுகவில்லை. ஈரம் இரண்டு பாத அகலத்துக்கு வந்து நின்றுகொண்டது.

தேத்தண்ணியோடு உள்ளே வந்த ராத்தா அந்த இடத்தைத் தன்னை அறியாமலே சுற்றி நடந்தாள். “இஞ்ச மட்டும் ஏன்கா இப்பிடிக் குளிருது?” என்றாள்.

ஜெனூபா தலையைத் தூக்காமல், அந்த ஈரத்தைப் பார்த்தபடி கேட்டாள். “உம்மா, வாப்பாக்கு இந்த வீடு தெரியுமா?”

பாங்கு முடிந்ததும் தரை காய்ந்தது.

ஏழாம் நாள் காலையில் வீட்டுக்குத் திரும்பினாள். இனி எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அலுமாரியைத் திறந்து போனைப் பார்த்தாள். ஓர் அழைப்பு வந்து எடுபடாமல் கிடந்தது. 739. இங்கே பூட்டிய வீட்டில் மணியடித்திருக்கிறது, அங்கே அது அவள் முன்னால் நின்றிருக்கிறது. தூரம் போனுக்கில்லை, வீட்டுக்குமில்லை.

எனக்கா, பிள்ளைக்கா?

அந்தக் கேள்விதான் அவளைப் பகல் முழுக்க வாட்டியது. ராத்தா வீட்டில் மகள் அவள் மடியில் கிடந்தாள். இருவருக்கும் ஒரே தூரம். பின்னேரம் ஜெனூபாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து, எல்லாக் கதவையும் திறந்து வைத்தாள். பூட்டுவதில் பிரயோசனமில்லை. விறாந்தைக் கதிரையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

பாங்கு. போன் ஒரு தரம் அதிர்ந்தது. 73.

நாலு விரல்.

குளிர் அவளது இடத் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. ஈரச் சட்டை ஒன்று உடம்புக்கு மிகக் கிட்ட இருந்தால் தொடாமலே தெரியுமே, அப்படி. கதிரையின் பிரம்பு நனைந்தது. அவள் திரும்பவில்லை. அப்படியென்றால் எனக்குத்தான். பிள்ளைக்கில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

“நான்தான் வெட்டின,” என்றாள். நாற்பத்தேழு நாளில் முதல் தரம் அந்தச் சொல் வாயால் வந்தது. “லைன் பிழையில்ல. மூணு தரமும் நான்தான். உங்கட பேரப் பாத்துப் பாத்து வெட்டின. என்ன மன்னிச்சிருங்க.”

கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்பது அவளுக்குத் தெரிந்தது. மூச்சு இல்லை, அசைவு இல்லை, ஆனால் காது ஒன்று மிகக் கிட்ட இருந்தது. அழுதாள், மறுபடியும் சொன்னாள். மன்னிப்புமில்லை, கோபமுமில்லை. முதல் நாள் போனில் கேட்ட அந்தச் சுவரில்லாத வெளி மட்டும் அவள் தோளுக்குப் பக்கத்தில், நாலு விரல் தூரத்தில், திறந்து கிடந்தது. றாஸிக்கின் எதுவும் அதில் மிச்சமில்லை. அவனது கோபம்கூட.

அதுதான் அவளை முறித்தது. கோபத்தோடு வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

எட்டாம் நாள் காலையில் நளீமை வரச்சொல்லி ஜெனூபாவைச் சம்மாந்துறைக்கு அனுப்பினாள். பிள்ளை போகமாட்டேனென்று கடப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விரல் விரலாகப் பிரித்தெடுத்து ஓட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது. பிறகு பஸ்லியா குளித்தாள். வீட்டைக் கூட்டினாள். கடிதவுறையின் கடைசி வரியைப் பார்த்தாள். ஏழு. அதிலிருந்து வெட்ட ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு என்ன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கை கால் முகம் கழுவி வுழூச் செய்து, வெள்ளையுடுத்து, நடு அறையில் தொழுகைக்கு முஸல்லாவை விரித்தாள். மேகம் மூடி நேரத்தோடே இருட்டியது. பாங்கு. போன் அதிர்ந்தது. 7. எடுக்கவுமில்லை, வெட்டவுமில்லை. போன் தானாக ஓய்ந்தது. பாங்கு முடிந்தது.

குளிர் போகவில்லை.

இந்தத் தரம் போகவில்லை.

தக்பீர் கட்டினாள். நிற்கும்போது இடப்பக்கம் இருந்தது. குனியும்போது அதுவும் குனிந்தது. நெற்றியை நிலத்தில் வைத்தபோது முஸல்லாவின் இடப்பக்கத்து நூல்கள் ஈரத்தில் கறுத்துப் படிவதைக் கண் ஓரத்தால் கண்டாள். தொடவில்லை. ஒரு தரமும் தொடவில்லை. ஓர் அரிசி மணி இடைவெளி. மூன்று றக்அத்தும் அந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

கடைசி இருப்பு. ஓத வேண்டியதை ஓதினாள். வெளியே ஓட்டோ ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. நளீமின் குரல், “அழுது அழுது வாந்தியெடுத்திட்டா மதினி, அதான்...” கடப்படி திறந்தது. சின்னக் கால்கள் விறாந்தையில் ஓடிவந்தன.

வர வேணாம். வாயால் சொல்ல ஏலாது. தொழுகையில் இருந்தாள்.

தொழுகையை முடிக்கும் இரண்டு ஸலாமில் முதலாவதை முகத்தை வலப்பக்கம் திருப்பிக் கொடுத்தாள். அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹ். வலப்பக்கம் அறைவாசல். அங்கே ஜெனூபா நின்றாள், பையை நெஞ்சோடு அணைத்தபடி. முகத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. பயம் இல்லை.

இனி இடப்பக்கம்.

இடக் கன்னத்தின் மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்து வெள்ளைச் சீலைக்குள் ஊறியது. இன்னொரு சொட்டு. திரும்பினால் முகம் முகத்தில் படும். கழுத்து அசையவில்லை. வலப்பக்கம் திருப்பியது திருப்பியபடியே உட்கார்ந்திருந்தாள்.

“உம்மா,” என்றாள் ஜெனூபா மெதுவாக. “மத்தப் பக்கம் ஸலாம் குடுக்கல்லயா?”

பிள்ளையின் கண்கள் உம்மாவின் முகத்தில் இல்லை. ஏழு மில்லிமீற்றர் தள்ளி இருந்தன.